டிஸ்னி கப்பல்களில் பெரியவர்களுக்கு மட்டுமான உணவகங்கள்: வயது விதியை அறிந்து திட்டமிடுவது எப்படி?

டிஸ்னி குரூஸ் லைன் கப்பல்களில் உள்ள பாலோ, பாலோ ஸ்டீக்ஹவுஸ், ரெமி, ஆன்ஷான்டே ஆகிய உணவகங்களுக்குள் 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள். மடியில் தூங்கும் கைக்குழந்தைக்கும் இவ்விதியிலிருந்து விலக்கில்லை; அடுத்த மாதம் 18 முடியப்போகிற, அப்பாவைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளைக்கும் விலக்கில்லை. கூடுதலாகப் பணம் கட்ட முன்வந்தாலும், பிள்ளை சத்தமே போட மாட்டான் என்று பெற்றோர் உறுதி சொன்னாலும் முடிவு மாறாது. ஆகவே இந்த உணவகங்களில் ஒரு வேளை சாப்பிட விரும்பும் பெற்றோர், அந்த இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளைகள் எங்கே, யாரோடு, எப்படி இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எந்த உணவகம், எந்த நாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த விதியைக் கடுமையானது என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது நியாயமான விதியாகவே படுகிறது. கப்பலின் மற்ற உணவகங்கள் அனைத்தும் எல்லா வயதினருக்கும் திறந்திருக்கின்றன. பயணக் கட்டணத்திலேயே அடங்கிய பெரிய உணவகங்கள் குழந்தைகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை. பாலோவில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு தம்பதியும் தங்கள் பிள்ளையை வேறோர் இடத்தில் விட்டுவிட்டு, தனிக் கட்டணமும் செலுத்தி வந்திருக்கக்கூடும். ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் சலுகை அவர்கள் அத்தனை பேரிடமிருந்தும் எடுத்துக் கொடுப்பதாகிவிடும்.

எந்தக் கப்பலில் எந்த உணவகம்?

மேஜிக் (1998), வொண்டர் (1999) ஆகிய இரண்டு பழைய கப்பல்களிலும் பாலோ மட்டுமே உண்டு. ட்ரீம் (2011), ஃபேண்டஸி (2012) கப்பல்களில் பாலோவுடன் ரெமியும் இருக்கிறது. விஷ் (2022), ட்ரெஷர் (2024), டெஸ்டினி (2025) ஆகியவற்றில் பாலோ ஸ்டீக்ஹவுஸும் ஆன்ஷான்டேயும் உள்ளன. பாலோ வட இத்தாலியச் சமையலைச் சார்ந்தது. ரெமியும் ஆன்ஷான்டேயும் பிரெஞ்சுப் பாணியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு சிறு தட்டுகளில் பரிமாறும் உணவகங்கள். ரெமியின் உணவு வரிசையை உருவாக்கியவர்கள் அமெரிக்கச் சமையற்கலைஞர் ஸ்காட் ஹன்னெலும், பிரான்ஸில் ரீம்ஸ் நகரை அடுத்து மூன்று மிஷலின் நட்சத்திரம் (உணவகங்களுக்குத் தரப்படும் புகழ்பெற்ற தர மதிப்பீடு) பெற்ற உணவகம் நடத்தும் ஆர்னோ லாலமானும் ஆவர். ரெமியில் இரவு உணவுக்கான கட்டணம் பாலோவின் கட்டணத்தைப் போல் இருமடங்குக்கும் அதிகம். நேரமும் அப்படியே: பாலோவில் சுமார் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடலாம், ரெமியில் இரவு உணவு மூன்று மணி நேரம் வரை நீளும். சிறு குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருபவர்களுக்கு மெனுவைக் காட்டிலும் இந்த நேரக் கணக்கே முக்கியம் என்பதால், முதல் முறை செல்லும் பெற்றோருக்குப் பாலோவையே பரிந்துரைப்பேன்.

சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சரில் பதிவு செய்திருப்பவர்கள் மேற்சொன்ன ஏழு கப்பல்களின் விதிகளை அப்படியே அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அதன் உணவகப் பட்டியலே வேறு. தங்கள் பயணத்துக்கான இணையப் பக்கத்தில் ஒவ்வோர் உணவகத்தின் கீழும் குறிப்பிடப்பட்டிருக்கும் வயது வரியைத் தனித்தனியே படித்துக்கொள்வது நல்லது.

16, 18, 21: மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க

பெரியவர்களுக்கு மட்டும் என்ற பலகை எல்லாக் கப்பல்களிலும் ஒரே வயதைக் குறிப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் கப்பலில் போய்வந்தவர்கள் அடுத்த முறை வேறொரு நிறுவனத்தில் ஏறும்போது பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ராயல் கரீபியன் கப்பல்களில் சோலேரியம் எனப்படும் அமைதியான நீச்சல்குளப் பகுதிக்கு 16 வயது போதும். கார்னிவல் கப்பல்களின் செரினிட்டி என்ற ஓய்வுத் தளத்துக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். டிஸ்னியில் உணவகங்களுக்கும், குவயட் கோவ் நீச்சல்குளத்துக்கும், பஹாமாஸில் அந்நிறுவனத்துக்குரிய காஸ்ட்அவே கே தீவின் செரினிட்டி பே கடற்கரைக்கும் 18. வர்ஜின் வாயேஜஸ், வைகிங் போன்ற நிறுவனங்களில் கப்பல் முழுவதுமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்பதால் அங்கே உணவகத்துக்கென்று தனி விதி தேவைப்படவில்லை. மறுபக்கம், ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும் தனிக் கட்டணம் வாங்கும் ஸ்டீக்ஹவுஸ் போன்ற உணவகங்கள் பொதுவாகக் குழந்தைகளையும் குறைந்த கட்டணத்தில் ஏற்றுக்கொள்கின்றன. பிள்ளையை விட்டுவிட்டுச் சாப்பிட மனம் வராத குடும்பங்கள், கப்பலைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மதுவுக்கான வயது இதிலிருந்து முற்றிலும் வேறானது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் டிஸ்னி கப்பல்களில் 21 நிறைந்தவர்களுக்கு மட்டுமே மது தருவார்கள். ஆகவே 19 வயது மகள் பாலோவில் பெற்றோருடன் அமர்ந்து சாப்பிடலாம். ஆனால் பெற்றோருக்கு ஊற்றும் ஒயின் அவளுக்குக் கிடைக்காது, பெற்றோர் தங்கள் கோப்பையிலிருந்து பகிர்வதற்கும் அனுமதி இல்லை. மேற்கு ஐரோப்பாவில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் டிஸ்னி பயணங்களில், 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்காக உடன் பயணிக்கும் பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வழி உண்டு. ராயல் கரீபியனில் வட அமெரிக்கப் பயணங்களுக்கு 21, ஆசிய, ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பயணங்களுக்கு 18.

பிறந்த தேதியைச் சரிபார்த்தல்

வாசலில் நிற்கும் ஊழியர் முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடுவதில்லை. கேபின் அட்டையோடு இணைந்த பதிவில் இருக்கும் பிறந்த தேதியைத்தான் கப்பல் நம்புகிறது. அந்தத் தேதி, பயணச்சீட்டு எடுத்தபோது நீங்களோ முகவரோ தட்டச்சு செய்ததாகும். அமெரிக்க இணையதளங்களில் மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எழுதுவார்கள் என்பதால், ஆகஸ்ட் 5 அன்று பிறந்தவருக்கு நம் வழக்கப்படி 05/08 என்று போட்டால் அது மே 8 ஆகிவிடும். 40 வயதுக்காரருக்கு இதனால் உணவக வாசலில் தொல்லை வராது. 18-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு வரும். பதிவு உறுதியான உடனே, மாதத்தின் பெயரை எழுத்தில் காட்டும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொருவரின் தேதியையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு தேதி, உண்மையான பிறந்தநாள் வேறொரு தேதி என்று வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. கப்பலில் செல்லுபடியாவது பாஸ்போர்ட்டில் உள்ள தேதி மட்டுமே.

பயணத்தின் நடுவே 18 நிறைகிறது என்றால், பிறந்தநாளிலோ அதற்குப் பிந்திய நாளிலோ உணவக நேரத்தைத் தேடுங்கள். இணையத்தில் முன்பதிவு தடைபட்டால், கப்பல் ஏறிய முதல் நாளே பாஸ்போர்ட்டோடு விருந்தினர் சேவை மேசைக்குச் சென்று பேசிக்கொள்ளலாம். ராயல் கரீபியனில் பயணத்தின்போது 21 நிறைகிறவர்கள் மது அனுமதிக்காக இதே போல் அடையாள ஆவணத்தைக் காட்டிப் பதிவைத் திருத்திக்கொள்ள முடியும்.

முதலில் பிள்ளைகளுக்கான ஏற்பாடு

டிஸ்னி கப்பல்களில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்கிறது. இதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம், இடங்களும் குறைவு, முன்பதிவும் வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பொழுதைக் கழிக்க வயதுவாரியாகக் கிளப்புகள் உண்டு: 3 முதல் 10 வயது வரை ஓஷனியர் கிளப், 11 முதல் 14 வரை எட்ஜ், 14 முதல் 17 வரை வைப். இவை மூன்றும் பயணக் கட்டணத்திலேயே அடங்கியவை. ஓஷனியர் கிளப்பில் விடும் குழந்தை கழிப்பறையைத் தானே பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். மூன்று வயது நிறைந்தும் டயபரில் இருக்கும் குழந்தையின் பெற்றோர் கடைசி நேரத்தில் திண்டாடுவது இதனால்தான்.

காப்பகம் தேவைப்படுகிறவர்கள் முதலில் அங்கே நேரம் பிடித்துவிட்டு, அதற்கேற்ப உணவகத்தைப் பதிவு செய்ய வேண்டும். உணவு நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரமாவது கூட்டிக் கேளுங்கள். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்திவிட்டு, உடை மாற்றி, கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து போவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும்.

ஓஷனியர் கிளப்புக்கான பதிவை ஊரிலிருந்தே இணையத்தில் முடித்துவிடலாம். கப்பல் ஏறும் நாள் பிற்பகலில் அந்த இடத்தைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கத் திறந்து வைப்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். அன்று குழந்தையின் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதில்தான் உள்ளே வந்ததும் வெளியே போனதும் பதிவாகின்றன. அழைத்துச் செல்ல வருபவர் குடும்பத்தார் கொடுத்த ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் குழந்தையை அனுப்புவார்கள். முதல் இரவே உணவகத்துக்காக அங்கே விட்டுச் செல்வதைவிட, உணவகத்துக்குப் போகும் நாளுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் விளையாடவிட்டுப் பழக்குவது பயன் தரும். பெற்றோர் உடனிருந்து அறிமுகப்படுத்திய இடமாக இருந்தால், மறுநாள் மாலை விடைபெறும்போது பெரும்பாலான குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தை வர விரும்பினால் கப்பலின் கைப்பேசிச் செயலி வழியாக உங்களுக்குச் செய்தி வரும். ஆகவே கைப்பேசியைக் கேபினில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். பெரிய உணவகங்களில் மாலை 5:45 அளவில் ஒரு பந்தி, 8:15 அளவில் ஒரு பந்தி என இரண்டு உண்டு. சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் முதல் பந்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பாலோவில் எட்டு மணிக்குப் பிந்திய நேரத்தைப் பதிவு செய்யலாம். பிள்ளைகளோடு மேசையில் அமர்ந்து, அவர்கள் வயிறார உண்டபின் கிளப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டால், பிள்ளை பட்டினி கிடக்கிறதோ என்ற எண்ணம் இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிட முடியும். தாத்தா, பாட்டியும் உடன் வந்திருந்தால் ஓர் இரவு அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னோர் இரவு அவர்கள் இருவரையும் பாலோவுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு இருங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் பெரியவர்களைக் கூட்டிச் சென்றதாகிவிடக் கூடாது.

பெரிய உணவகங்களில் சில இரவுகளில் மேசையைச் சுற்றியே நிகழ்ச்சி நடக்கும். பிள்ளைகளுக்கு மறக்க முடியாத அந்த இரவைப் பெரியவர்களின் உணவகத்துக்காகப் பலி கொடுக்க வேண்டாம். பெரிய உணவகங்களில் இரவுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி உங்களை அமர்த்துவார்கள்; அந்தச் சுழற்சியில் எந்த நாள் எந்த உணவகம் என்பது தெரிந்தபின் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடல் நாள், அதாவது எந்தத் துறைமுகத்தையும் தொடாத நாள், இருக்கும் பயணமானால் பாலோவின் முற்பகல் விருந்து இன்னும் எளிது. பகலில் கிளப்பில் பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் அழும் தொல்லை இருக்காது.

பதின்வயதுப் பிள்ளைகளின் விஷயம் இதைவிட நுட்பமானது. வீட்டில் 19 வயது மகளும் 16 வயது மகனும் இருந்தால் விதி அவர்களை இரண்டாகப் பிரித்துவிடும். இதைக் கப்பலில் ஏறியபின் சொல்லாமல், ஊரிலேயே இருவரிடமும் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அக்காளை மட்டும் அலங்கரித்து இரவு விருந்துக்கு அழைத்துச் செல்வதைக் காட்டிலும், தம்பி நேரம் கழித்து எழுந்திருக்கும் கடல் நாளில் அவளை முற்பகல் விருந்துக்கு அழைத்துச் செல்வது யார் மனத்தையும் புண்படுத்தாது. வைப் கிளப்பில் பதின்வயதினர் தாங்களாகவே வந்து போகலாம் என்பதால் அவனுக்குக் காவல் தேவையில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் மீண்டும் சந்திப்பது என்பதை மட்டும் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

முன்பதிவு செய்யும் நாளும் நேரமும்

பயணக் கட்டணம் முழுவதையும் செலுத்தியவர்களுக்கே உணவக முன்பதிவு திறக்கும். முதல் முறை செல்பவர்களுக்குப் புறப்படும் நாளுக்கு 75 நாள் முன்னதாகத் திறக்கிறது. ஏற்கெனவே டிஸ்னி கப்பலில் பயணம் செய்தவர்களுக்கு காஸ்ட்அவே கிளப் உறுப்பினர் நிலையைப் பொறுத்து முன்னுரிமை உண்டு: சில்வருக்கு 90 நாள், கோல்டுக்கு 105 நாள், பிளாட்டினத்துக்கு 120 நாள். அதாவது உங்களுக்குக் கதவு திறப்பதற்குள் பல வரிசைக்காரர்கள் உள்ளே போய்விட்டிருப்பார்கள். ஆகவே 75-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, திறந்த உடனே நுழைய வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில் திறப்பதால், அங்கே கோடைகால நேரம் நடப்பிலிருந்தால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 9:30 மணி, குளிர்காலத்தில் 10:30 மணி; சிங்கப்பூரில் முறையே நண்பகல் 12 மணியும் பிற்பகல் 1 மணியும். நம் ஊரிலிருந்து பதிவு செய்பவர்களுக்கு இது வசதியான நேரம். அமெரிக்காவில் இருப்பவர்கள் இதற்காகத் தூக்கம் விழிக்க வேண்டியிருக்கிறது.

சைவ உணவு உண்பவர்களும், முட்டை, பால், கொட்டை வகைகள் ஒவ்வாதவர்களும் பதிவு முடிந்த கையோடு அதைத் தெரிவித்துவிட வேண்டும். ரெமி, ஆன்ஷான்டே போன்ற இடங்களில் உணவு வரிசை முன்கூட்டியே வகுக்கப்பட்டது என்பதால், மேசையில் அமர்ந்தபின் சொன்னால் சமையலறையால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. மீனும் இறைச்சியும் சேராத உணவு என்பதோடு நிறுத்தாமல், இறைச்சிச் சாறும் ஜெலட்டினும் கூடாது என்பதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பிரெஞ்சுச் சமையலில் சாஸ்களுக்கு இறைச்சிச் சாறுதான் பெரும்பாலும் அடிப்படை.

அன்று மாலை

அரைக்கால் சட்டை, நீச்சலுடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு ஆகியவற்றோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் பொருத்தமானவை. பெண்களுக்குப் பட்டோ பருத்தியோ எந்தச் சேலையும், நல்ல சல்வாரும் விருந்துக்கு ஏற்ற உடைகளே.

கேபின் அட்டையை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். பாலோவில் சாக்லேட் சூஃப்லே என்ற, உப்பி எழும்பச் சுடும் இனிப்பு பெயர் பெற்றது. அது அடுப்பில் எழும்பி வருவதற்கு நேரமாகும் என்பதால், உணவு தொடங்கும்போதே பரிமாறுபவரிடம் வேண்டுமென்று சொல்லிவிடுவது நல்லது. வெளியே எடுத்த சில நிமிடங்களில் அமுங்கிவிடும் பண்டம் அது. தட்டை வைத்த உடனே பரிமாறுபவர் கரண்டியால் நடுவில் குழித்து, சூடான சாஸை உள்ளே ஊற்றுவார். படம் எடுப்பதானால் அதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அழைத்து வர வேண்டிய நேரம் நெருக்கமாக இருந்தால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிப் பரிமாறுவார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ, கிளப்பில் இருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாலோ உடனே ரத்து செய்யுங்கள். முன்பதிவின்போது காட்டிய கெடு கடந்துவிட்டால், போகாவிட்டாலும் தலைக்கு முழுக் கட்டணத்தையும் உங்கள் கேபின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கெடு என்ன என்பதைப் பதிவு செய்த அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

இடமே கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. இப்படி ரத்தாகும் இடங்கள் பயண நாள் நெருங்க நெருங்கத் திறந்துகொண்டே இருக்கும். இணையப் பக்கத்தைத் தினமும் ஒருமுறை பார்த்துவருவதோடு, கப்பல் ஏறிய பிற்பகலிலேயே உணவக முன்பதிவு மேசைக்குச் சென்று கேட்டுப் பாருங்கள். அதுவும் அமையாவிட்டால், குவயட் கோவ் நீச்சல்குளத்தை அடுத்துள்ள கோவ் கஃபேயும் 18 வயது நிறைந்தவர்களுக்கே உரியது. அங்கே முன்பதிவு வேண்டாம், காப்பிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். காஸ்ட்அவே கேயில் இறங்கும் பயணமானால் செரினிட்டி பேயில் பெரியவர்களுக்கென்று தனியாக மதிய உணவு சுட்டுப் பரிமாறுகிறார்கள். அது பயணக் கட்டணத்திலேயே அடங்கியது. அங்கும் முன்பதிவு கிடையாது. குழந்தைகளைத் தீவில் அவர்களுக்கென்றே இருக்கும் ஸ்கட்டில்ஸ் கோவ் விளையாட்டுத் திடலில் விட்டுவிட்டு, செரினிட்டி பேக்குச் செல்லும் டிராமில் ஏறிக்கொள்ளலாம்.